வேகமானி 85, போன் 77: எதை நம்புவது?

கேள்வி: தெல்தெனியவிலிருந்து கண்டிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். 110 சிசி ஸ்கூட்டர், பாவித்த வண்டியாகத்தான் வாங்கினேன். திகனப் பக்கம் நேரான வீதியில் முழுதாக முறுக்கினால் வேகமானி 85 வரை போகிறது. பின்னால் இருந்த நண்பனின் போனில் அதே நேரம் 77தான். திரும்பி வரும்போது வேகமானியே 80ஐத் தாண்டவில்லை. விற்றவரோ 90 போகும் என்று சொன்னார். உண்மையான உச்ச வேகம் எது? வண்டியில் கோளாறு இருக்கிறதா?
– ஒரு வாசகர், தெல்தெனிய

பதில்: போனை நம்புங்கள் தம்பி. திறந்த வானத்தின் கீழ், நேரான வீதியில், சில செக்கன்கள் ஒரே வேகத்தில் ஓடியிருந்தால் ஜீபீஎஸ் காட்டும் வேகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மரங்கள் கவிந்த வளைவுகளில்தான் அது தடுமாறும்.

வேகமானி கூட்டிக் காட்டுவது கோளாறு அல்ல, அதை அப்படித்தான் செய்கிறார்கள். பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சபையின் 39ஆம் இலக்க வாகன விதிப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. மோட்டார் சைக்கிள் வகை வண்டிகளில் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கும் அதோடு மணிக்கு 8 கிலோமீற்றரும் வரை கூட்டிக் காட்டலாம். உங்கள் 77க்குக் கணக்குப் போட்டால் 92 வரை இடமுண்டு. விற்றவர் சொன்ன 90 எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது விளங்கும். முள் காட்டியதைச் சொல்லியிருப்பார், அதுவும் இறக்கத்தில். தேய்ந்த டயரும் இதில் சேரும். பத்து அங்குலச் சில்லின் விட்டம் மிகச் சிறியது. டயரின் பூ 4 மில்லிமீற்றர் தேய்ந்தாலே முன்சில்லு கூடுதலாகச் சுழன்று, முள்ளை இரண்டு வீதம் அளவு ஏற்றிவிடும்.

இனி, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று ஏன்? ஒரு பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம், மறுபக்கம் மலை என்று போகும் நம் வீதியில் எது சமதரை என்று கண்ணால் சொல்லவே முடியாது. இரண்டு பேரோடு போகும் 110 சிசி வண்டிக்கு நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏற்றம் போதும், உச்ச வேகத்தில் மூன்று கிலோமீற்றர் அளவு போய்விடும். இறக்கத்தில் அதே அளவு கூடும். நீர்த்தேக்கத்தின் மேலால் வரும் காற்று எதிரே அடித்தால் இழப்பு அதைவிடவும் பெரிது.

ஆகவே ஒரு திசையில் மட்டும் ஓடி எடுத்த எண்ணை உச்ச வேகம் என்று சொல்லக் கூடாது. அதே துண்டு வீதியில் இரு பக்கமும் ஓடிச் சராசரி எடுக்க வேண்டும். உலக சாதனைகளுக்கும் இதுவே முறை. உங்கள் வேகமானி காட்டிய 80, அதே விகிதத்தில் பார்த்தால், உண்மையில் 72 அல்லது 73. அதையும் 77ஐயும் சேர்த்துப் பார்த்தால் இருவரோடு உங்கள் வண்டியின் உச்ச வேகம் 75 அளவில் நிற்கிறது. தனியே போனால் சற்றுக் கூடும். பாவித்த 110 சிசிக்கு இது நல்ல நிலைதான்.

அதற்குமேல் போகாமல் தடுப்பது முக்கியமாகக் காற்று. வேகம் இரட்டித்தால் காற்றைப் பிளக்கத் தேவையான வலு எட்டு மடங்காகும். 1951இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் ஒரு வெஸ்பாவை டோர்பிடோ வடிவக் கூட்டுக்குள் அடைத்து, 125 சிசி எஞ்சினோடு மணிக்கு 171 கிலோமீற்றர் ஓட வைத்தது. எஞ்சினின் திறமையோடு காற்றுக்கு வழிவிட்ட அந்த உடம்பும் சேர்ந்து செய்த வேலை அது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனையை அந்த வீதியில் இனிச் செய்யாதீர்கள். குடிமனைப் பகுதியில் 50, வெளியே 70 என்பதுதான் சட்டம். 77இல் பிரேக் பிடித்து நிற்க, 50இல் தேவைப்படுவதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான தூரம் வேண்டும். சின்னச் சில்லும் டிரம் பிரேக்கும் கொண்ட வண்டி, பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள், திடீரென்று ஓரம் கட்டும் பஸ். எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது.

வேகமானியின் பிழையை அறிய 50 போதும். ஞாயிறு விடியற்காலையில், வீதியோரக் கிலோமீற்றர் கல் ஒன்றிலிருந்து அடுத்த கல் வரை முள்ளை 50இலேயே வைத்து ஓட்டுங்கள். நேரத்தைப் பின்னால் இருப்பவர் பார்க்கட்டும். 3600ஐச் செக்கன்களால் வகுத்தால் உண்மை வேகம் வரும். முள் சரியென்றால் 72 செக்கன். உங்களுக்கு 79 அல்லது 80 வரும் என்று நினைக்கிறேன்.

வண்டியின் நலத்தைப் பார்க்க இதைவிட நல்ல இடம் உங்கள் ஊருக்கு மேலேயே இருக்கிறது: மெதமஹநுவர தாண்டி ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறும் வீதி. செங்குத்தான இடங்களில் இருவரோடு முழுதாக முறுக்கினாலும் வேகம் பெரிதாக ஏறாது. அங்கே எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது என்றால் பெல்ட் அல்லது கிளச் வழுக்குகிறது. சமதரையில் முன்பைவிட அதிகச் சத்தத்தோடு அதே வேகம் வந்தால், வேரியேட்டர் ரோலர்கள் தட்டையாகத் தேய்ந்திருக்கலாம். 2020 முதல் 2025 தொடக்கம் வரை இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிகள் பல கைகள் மாறியிருக்கின்றன. பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று விற்றவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் கராஜில் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் வேகம் கூடுமா?
– அதே வாசகர்

பதில்: கூடாது. ஒக்டேன் என்பது எஞ்சினுக்குள் பெற்றோல் அகாலத்தில் வெடிக்காமல் தாங்கும் திறன். உங்களுடையது போன்ற 110 சிசி எஞ்சினின் அமுக்கத்துக்கு 92 போதும். மிச்சப்படும் காசை முன் டயருக்கு வையுங்கள்.