இணைவு உலைத் திட்டத்தின் நிர்வாகத்தை எடைபோடுவது எப்படி?

வேலையைப் பழைய கால அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும். புதியதை மட்டும் பார்த்தால் எந்தத் திட்டமும் ஒழுங்காக நடப்பதாகத்தான் தோன்றும். இந்தியா உட்பட ஏழு தரப்புகள் அரசுப் பணத்தில் பிரான்சில் கட்டிவரும் ஈட்டர் இணைவு உலையையே எடுத்துக்கொள்ளலாம். 2006இல் ஒப்பந்தம் போட்டபோது முதல் பிளாஸ்மாவுக்கு, அதாவது உலையின் முதல் இயக்கத்துக்கு, குறித்த கெடு 2016. அந்த ஆண்டு வந்ததும் கெடு 2025 டிசம்பருக்குப் போனது. 2024இல் வெளியான திட்டப்படி ஆய்வுப் பணி தொடங்குவது 2034இல், டியூட்டீரியம்–டிரிட்டியம் எரிபொருளில் உலை ஓடுவது 2039இல்.

மூன்று அட்டவணைகளையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு தாமதத்துக்கும் அன்று சொல்லப்பட்ட காரணத்தை எழுதிக்கொள்ள வேண்டும். கொரோனாவால் வந்தது எது, நிர்வாகம் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டியது எது என்று பிரிப்பதற்குள் பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

அடுத்தது, முடிவெடுப்பது யார் என்ற கேள்வி. ஈட்டருக்கு உறுப்பினர்கள் பெரும்பாலும் ரொக்கமாகத் தருவதில்லை, பாகங்களாகவே தருகிறார்கள். உலையை மூடும் கிரையோஸ்டாட் குஜராத்தின் ஹசீராவில் எல் அண்ட் டி ஆலையில் உருவானது. வெற்றிடக் கலத்தின் 9 பகுதிகளில் 4 கொரியாவின் பொறுப்பு, 5 ஐரோப்பாவின் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் ஒரு வரைபடத்தைத் திருத்தக் கையெழுத்திடுவது யார், கூடுதல் செலவு யார் தலையில் விழுகிறது? பதில் சொல்ல ஒரு கூட்டமே தேவைப்பட்டால், கோளாறு அங்கேதான் இருக்கிறது. வில்லியம் மாடியா தலைமையிலான குழு 2013இல் நடத்திய மதிப்பீடும் மூத்த மேலாளர்களைக் குறைக்கவும், நடக்கக்கூடிய அட்டவணையைப் போடவும் சொன்னது. 2015இல் தலைமை இயக்குநரான பெர்னார் பிகோ காலத்தில் அவசரச் செலவுக்கென்று பொது இருப்பு நிதியும் வந்தது.

மூன்றாவதாக, கெட்ட செய்தி மேலே போகும் வேகத்தைப் பார்க்க வேண்டும். எந்த ஆண்டறிக்கையிலும் இது இருக்காது. தரக் கட்டுப்பாட்டுப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கித்தான் படிக்க வேண்டும். வெப்பத் தடுப்பின் குளிர்விப்புக் குழாய்களில் விரிசல், வெற்றிடக் கலப் பகுதிகளின் ஓரங்களில் அளவுப் பிசகு என்று ஈட்டர் 2022 நவம்பரில் அறிவித்தது. உலைக் குழிக்குள் ஏற்கெனவே இறக்கிய ஒரு கலப் பகுதியை 2023இல் மறுபடி வெளியே தூக்க வேண்டியதாயிற்று. பட்டறையில் குறை கண்ட தேதி, ஆட்சிக்குழுவுக்குத் தெரிந்த தேதி, பொருத்திய தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் கேள்விகள் தாமாக எழும்.

கடைசியாக, முந்தைய மதிப்பீட்டாளர் சொன்னது என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். ஈட்டர் ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியார் நிர்வாக மதிப்பீடு கட்டாயம் என்பதால் பழைய அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே பொறுப்பாளரின் பதவியும் முடித்த தேதியும் இருக்க வேண்டும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலை நிறைவேறாதது என்றே கணக்கில் சேர்க்கலாம்.