செயலின் மதிப்பு எங்கே உள்ளது?

விவரமறியாத சிறுவன் ஒருவன் கடைக்கு வருகிறான். கடைக்காரர் அவனிடமும் சரியான விலையையே வாங்குகிறார். செயல் நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் ஏன் அவ்வாறு செய்தார்? ஏமாற்றினால் வியாபாரம் கெடும் என்ற கணக்கினாலா? ஏமாற்றுவது தவறு என்பதனாலா?

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் (1724–1804), 1785-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் இத்தகைய கடைக்காரரைப் பற்றிப் பேசுகிறார். செயல் கடமைக்கு ஒத்திருந்தால் மட்டும் போதாது. கடமை என்பதற்காகவே செய்யப்படும்போதுதான் அது அறத்தின் மதிப்பைப் பெறுகிறது என்பது அவரது முடிவு. அறிவும் துணிவும் செல்வமும் தீயவனிடம் தீமைக்கே துணைபோகும். நிபந்தனையின்றி நல்லது எனத்தக்கது நல்ல சங்கல்பம் ஒன்றே. தான் கைக்கொள்ளும் நெறி எல்லோருக்கும் பொதுவிதியாவதை ஒருவன் விரும்ப இயலுமா என்பதே அந்தச் சங்கல்பத்தை உரைத்துப் பார்க்கும் கல்.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயமும் இதற்கு மிக அருகில் வருகிறது. செய்யத்தக்கது என்பதாலேயே, பற்றையும் பலனையும் விட்டுக் கர்மம் செய்வதைச் சாத்விகத் தியாகம் என்கிறார் பகவான்.

இங்கே சாதகனுக்கு ஓர் இடர் எழுகிறது. ஒரு செயல் முற்றிலும் கடமையுணர்வாலேயே நிகழ்ந்தது என்று எவராலும் உறுதிகூற இயலாது. அடியாழத்தில் தன்னலம் ஒளிந்திருக்கலாம் என்று காண்டே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால், நோக்கம் தூய்மையாகும் வரை சேவையை நிறுத்திவைப்பதா?

வேண்டியதில்லை என்கிறது கர்மயோகம். யோகிகள் பற்றைத் துறந்து கர்மம் புரிவது சித்தசுத்திக்காகவே என்று கீதையின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. சுவாமி விவேகானந்தர் 1895–96-இல் நியூயார்க்கில் நிகழ்த்திய கர்மயோகச் சொற்பொழிவுகளும் இதையே வலியுறுத்துகின்றன. தூய்மை செயலுக்கு முன்நிபந்தனையன்று. செயலின் வழியே கனிவது.

ஆசிரம விழா முடிந்து நன்றியுரை நடக்கிறது. நாள் முழுவதும் பாத்திரம் கழுவிய அன்பரின் பெயர் விடுபட்டுவிடுகிறது. அவரது நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. அந்த முள் அவர் செய்த சேவையைப் பொய்யாக்கிவிடுவதில்லை. எஞ்சியிருக்கும் ‘நான்’ எங்கே உள்ளது என்பதை அவருக்குக் காட்டிக்கொடுக்கிறது. அதைக் கண்டுகொண்டு, அடுத்த விழாவிலும் யாரும் அழைக்காமலே அவர் அதே குழாயடியில் சென்று அமர்ந்தால், அவரது சங்கல்பம் ஒரு படி தூய்மை பெற்றுவிட்டது.