டிக் பண்ணுறதுக்கு முன்னாடி: டெபியன் இன்ஸ்டாலரில் அந்த ஒரு திரை



போன எபிசோடில், விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சதால ஓரமாகப் போய்விட்ட லேப்டாப்களில் டெபியன் போடுவது பற்றிப் பேசினோம். அதுக்கு வந்த மடல்களில் நிறைய பேர் ஒரே இடத்தைத்தான் கேட்டிருந்தீங்க: "மென்பொருள் தேர்வு" என்று ஒரு திரை வருதே, அதில் எதை டிக் பண்ணணும், எதை விடணும்?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் இன்ஸ்டாலரில் வரும் மற்ற கேள்விகளில் பலவற்றைப் பின்னால் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். நேர மண்டலம் தப்பா? மாத்திக்கலாம். கணினியின் பெயர் பிடிக்கலையா? மாத்திக்கலாம். இந்தத் திரையில் அதிகமாக டிக் பண்ணிட்டா, சுத்தம் பண்ணுறதுக்கு ஒரு சாயங்காலம் போயிடும்.

ஜெர்மனியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஒரு அக்கா எழுதியிருந்தார். பெற்றோர்கள் கொடுத்த எட்டு பழைய லேப்டாப்கள், எல்லாம் 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறாது. புதுசு வாங்கப் பணமில்லை. பிள்ளைகள் தமிழில் டைப் பண்ணிப் பழகணும், அவ்வளவுதான் தேவை. கூகுளில் தேடி ஒரு கட்டுரையைப் பிடித்தார். அதில், "எல்லாத்தையும் தேர்வு செய்துவிடுங்கள், எதுவும் விட்டுப்போகாது" என்று எழுதியிருக்கு. அப்படியே செய்தார். முதல் லேப்டாப்பிலேயே மூச்சு முட்டிப்போச்சு. "தம்பி, மெனுவைத் திறந்தா ஒரே வேலைக்கு நாலு நாலு புரோகிராம் இருக்கு, எதை அமுக்கணும்னு எனக்கே தெரியலை, பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லித்தர்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அந்தத் திரையில் உண்மையில் என்ன நடக்குதுன்னு பார்க்கலாம். அதை இயக்குவது டாஸ்க்செல் என்ற ஒரு சின்ன நிரல். நீங்க அங்கே தேர்வு செய்வது தனித்தனி மென்பொருளை அல்ல, "டாஸ்க்" என்ற மூட்டையை. மூட்டைக்குள் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. "இன்னின்ன பேக்கேஜ்கள் வேணும்" என்ற பட்டியல் மட்டும்தான். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொண்டு வரும்.

இந்த இழுப்பில் மூன்று வகை உண்டு. டிபெண்ட்ஸ் என்பது இட்லிக்கு மாவு மாதிரி, இல்லாமல் முடியாது. ரெகமெண்ட்ஸ் என்பது சட்னி மாதிரி. இல்லாமலும் சாப்பிடலாம், ஆனால் கடைக்காரர் கேட்காமலே வைத்துவிடுவார். சஜெஸ்ட்ஸ் என்பது வடை, கேட்டால்தான் வரும். டெபியனில் ஆப்ட் வழக்கமாக முதல் இரண்டையும் போட்டுவிடும். அதனால்தான் ஒரு டிக்குக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் பேக்கேஜ்கள் வரிசை கட்டி நிற்குது.

சரி, பட்டியலுக்கு வருவோம். மேலே "டெபியன் டெஸ்க்டாப்" என்று ஒன்று. அதற்குக் கீழே க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, க்னோம் ஃப்ளாஷ்பேக், கேடிஇ பிளாஸ்மா, சினமன், மேட், எல்எக்ஸ்டிஇ, எல்எக்ஸ்க்யூடி என்று எட்டு. இந்த எட்டும் ஒரே வேலையைச் செய்யும் எட்டு விதமான முகங்கள். எட்டில் ஒன்று போதும். மேலே உள்ளதை மட்டும் டிக் பண்ணி, கீழே எதையும் தொடாமல் விட்டால், சாதாரணக் கணினியில் க்னோம் வரும். 8 ஜிபி ரேம் இருந்தால் க்னோம், கேடிஇ இரண்டும் நன்றாக ஓடும். 4 ஜிபி என்றால் என் ஓட்டு எக்ஸ்எஃப்சிஇ-க்கு. அதுக்கும் கீழே போனால் எல்எக்ஸ்க்யூடி. அழகு வேணும்னு 4 ஜிபியில் க்னோம் போட்டு, பிரவுசரில் ஆறு டேப் திறந்ததும் தலையில் கை வைக்காதீங்க.

வெப் சர்வர் என்பது அப்பாச்சி. உங்க லேப்டாப்பில் இருந்து இணையதளம் நடத்தப் போறீங்களா? இல்லைன்னா வேண்டாம். எஸ்எஸ்ஹெச் சர்வர் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. அதை டிக் பண்ணினால், கணினி திறந்ததில் இருந்து வெளியே இருந்து வரும் இணைப்புக்காக ஒரு கதவு காத்துக்கொண்டிருக்கும். வீட்டு மூலையில் மானிட்டர் இல்லாமல் ஓடும் சர்வருக்கு அதுதான் உயிர். பிள்ளைகள் எளிதான பாஸ்வேர்டு வைக்கும் வகுப்பறை லேப்டாப்பில் அது தேவையில்லாத கதவு. இன்னொருத்தரோட கணினிக்குள் போவதற்கு சர்வர் வேண்டாம், கிளையன்ட் போதும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நிறைய கட்டுரைகள் இந்த இரண்டையும் குழப்பிவிடுகின்றன.

கடைசியில் "ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யூட்டிலிட்டீஸ்". இதை விட்டுவைங்க. உதவிப் பக்கங்களைக் காட்டும் மேன், கோப்பு இறக்கும் டபிள்யூகெட் மாதிரி சின்னச் சின்னக் கருவிகள்தான். எடைக்குறைப்பு என்று இதைக் கழற்றச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சமாகும் இடம் கொஞ்சம், பின்னால் படும் அவஸ்தை அதிகம்.

இடையில் ஒன்று. எழுத்து வடிவ இன்ஸ்டாலரில் டிக் பண்ணுவது ஸ்பேஸ் பட்டன், எண்டர் அல்ல. எண்டர் தட்டினால் அடுத்த படிக்குப் போய்விடும். இதைச் சொல்லாத கட்டுரையை எழுதியவர் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். அதே மாதிரி, லைவ் ஐஎஸ்ஓ-வில் உள்ள கலாமாரெஸ் இன்ஸ்டாலர் வழியாகப் போட்டால் இந்தத் திரையே வராது. லைவ் படத்தில் இருப்பது அப்படியே வட்டில் ஏறும். "எனக்கு அந்தத் திரை வரலையே" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இப்போ, அதிகம் போட்டுட்டா ஏன் எடுக்கறது கஷ்டம்? ஒரு டாஸ்க்கை நீக்கினால், அது இழுத்து வந்த பேக்கேஜ்கள் அநாதையாகும். ஆட்டோரிமூவ் கட்டளை அவற்றைக் கூட்டிப் பெருக்கும். ஆனால் ஒரு பேக்கேஜை வேறு யாராவது ரெகமெண்ட் பண்ணியிருந்தாலே ஆப்ட் அதைத் தொடாது. எட்டு டெஸ்க்டாப்கள் ஒன்றாக இருக்கும்போது ஒருத்தர் சாமானை இன்னொருத்தர் பிடிச்சுக்கிட்டு நிற்பார்கள், கூட்டுக் குடும்பத்துச் சொத்து மாதிரி. சேர்ப்பது அப்படி இல்லை. நிறுவி முடித்த பிறகும் ரூட் உரிமையோடு டாஸ்க்செல் என்று அடித்தால் அதே திரை மறுபடி வரும், வேண்டியதைச் சேர்த்துக்கலாம். ஆகவே குறைவாக ஆரம்பிப்பதில் நஷ்டமே இல்லை. அக்காவின் முதல் லேப்டாப்பை நாங்கள் சுத்தம் பண்ண முயலவில்லை. புதுசாகவே போட்டோம், எக்ஸ்எஃப்சிஇ, யூட்டிலிட்டீஸ், அவ்வளவுதான்.

இனி கட்டுரைகள் பக்கம். எல்லாவற்றையும் திட்டுவது என் நோக்கமில்லை. எழுதிய நாளில் சரியாக இருந்து, இன்று ஆளைக் கவிழ்க்கும் கட்டுரைகள்தான் இணையத்தில் அதிகம். ஆர்ச் லினக்ஸ் நல்ல உதாரணம். 2019 அக்டோபருக்கு முன் "பேக்ஸ்ட்ராப்" கட்டளைக்கு "பேஸ்" என்று மட்டும் கொடுத்தால் கெர்னலும் சேர்ந்தே வரும். அந்த மாதம் பேஸ் குழுவை எடுத்துவிட்டு அதே பெயரில் ஒரு பேக்கேஜை வைத்தார்கள், அதில் கெர்னல் கிடையாது. பழைய கட்டுரையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியவர்களுக்கு எல்லாம் நல்லபடி முடிந்த மாதிரி இருக்கும், ரீஸ்டார்ட் பண்ணினால் பூட் ஆக ஒன்றுமே இருக்காது. கட்டுரையில் பொய் ஒரு வரி இல்லை. தேதிதான் இல்லை.

டெபியனிலும் உண்டு. வைஃபை வேலை செய்ய, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் சேர்த்த தனி ஐஎஸ்ஓ-வைத் தேடி இறக்கச் சொல்லும் கட்டுரைகள் இன்னும் மேலே வந்து நிற்கின்றன. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரிலேயே இருக்கு. அதே போல 32 பிட் கணினிக்கு டெபியன் போடச் சொல்லும் கட்டுரை 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்குப் பொருந்தாது. அதற்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு வகை, உபுண்டுவுக்கு எழுதியதைப் பெயர் மாற்றி டெபியனுக்குப் போடுவது. கண்டுபிடிக்க எளிய வழி சூடோ. டெபியன் இன்ஸ்டாலர் ரூட் பாஸ்வேர்டு கேட்கும். அதை வெறுமையாக விட்டால் உங்கள் கணக்குக்கு சூடோ உரிமை கிடைக்கும். பாஸ்வேர்டு கொடுத்தால் கிடைக்காது, எல்லாக் கட்டளையும் "நீ சூடோயர்ஸ் கோப்பில் இல்லை" என்று முகத்தில் அடிக்கும். இதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் பத்துக் கட்டளையை சூடோவில் ஆரம்பிக்கும் கட்டுரையா? ஜன்னலை மூடிடுங்க.

நான் ஒரு கட்டுரையைத் திறந்ததும் முதலில் தேடுவது எந்த வெளியீட்டுக்கு எழுதியது என்பதை. அடுத்தது, "ஏன்" என்ற சொல் எங்கேயாவது இருக்கா என்று. மூன்றாவதுதான் முக்கியம்: செய்ததை எப்படித் திருப்புவது என்று சொல்லியிருக்கா? உண்மையிலேயே செய்து பார்த்தவர்தான் திருப்பும் வழியை எழுதுவார், ஏனென்றால் அவருக்கு அது தேவைப்பட்டிருக்கும். இயந்திரம் எழுதித் தள்ளும் கட்டுரைகளில் பெரும்பாலும் இல்லாதது அதுதான். கட்டுரையை நம்புவதா என்று தெரியாவிட்டால் ஆப்டையே கேளுங்க. "ஷோ" என்றால் ஒரு பேக்கேஜ் எதையெல்லாம் கேட்குது என்று காட்டும். "சிமுலேட்" சேர்த்தால் ஒன்றையும் நிறுவாமல் ஒத்திகை மட்டும் பார்த்துச் சொல்லும்.

தமிழில் 2012 முதல் கணியம் இருக்கு, இன்னும் சிலர் தனியாக நல்லா எழுதறாங்க. ஆனால் தமிழ் வாசகருக்கு மட்டுமே வரும் சிக்கல்களை ஆங்கிலக் கட்டுரையின் மொழிபெயர்ப்பு தீர்க்காது. இன்ஸ்டாலரில் மொழி ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்தால் தமிழுக்கான டாஸ்க் வராது. மென்பொருள் தேர்வுத் திரையிலும் தமிழ் என்று ஒரு பெட்டி கிடையாது. நிறுவிய பிறகு நீங்களாகச் சேர்க்கணும்: எழுத்துருவுக்கு "ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல்", டைப் பண்ண "ஐபஸ்-எம்17என்". எக்ஸ்எஃப்சிஇ-யில் "ஐஎம்-கான்ஃபிக்" ஓட்டி ஐபஸ்ஸைத் தேர்ந்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழ் 99-ஐச் சேர்த்தால் போதும். க்னோமில் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியிலேயே சேர்க்கலாம். ஜெர்மன் விசைப்பலகை உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: இன்ஸ்டாலரில் அமெரிக்க அமைப்பைத் தேர்ந்துவிட்டால் ஒய்-யும் இசட்-டும் இடம் மாறும். பாஸ்வேர்டில் அந்த எழுத்து இருந்து, பின்னால் ஜெர்மன் அமைப்புக்கு மாற்றினால், சரியாக அடித்தும் உள்ளே விடாது.

அக்காவின் எட்டில் ஏழு ஓடுது. எட்டாவதில் வைஃபை சில நேரம் விட்டு விட்டு வருது, அடுத்த சனிக்கிழமை பார்க்கிறோம். உங்களிடமும் அப்படி ஒரு லேப்டாப் இருந்தால், மாடல் பெயர், ரேம் அளவு, எந்த டெபியன் வெளியீடு என்ற மூன்றையும் எழுதி இந்த மடலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசுவோம்.