கொலன்னாவை மழைக்கு வண்டியும் நாமும்

கனடாவில் இருக்கும் மச்சான் குளிர் தொடங்கியதும் பனிக்கென்று தனி டயர் மாட்டுவார். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டமே. நமக்குப் பனி இல்லை, களனி கங்கை இருக்கிறது. 2016 மே மாதம் வெல்லம்பிட்டி, கொலன்னாவை வீதிகளில் வள்ளம் ஓடியதைக் கண்டவர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

1. மழை விடாமல் பெய்தால் களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்டத்தைச் செய்தியில் கவனியுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களக் கணக்கில் 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். 4 அடி என்றதுமே காரையோ ஆட்டோவையோ மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுங்கள். ஆறு நிரம்பினால் கால்வாயும் கானும் வடியாமல் பின்வாங்கும். ஒழுங்கைக்குள் தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், கான் வழியாக முதுகுப்பக்கம் வந்து நிற்கும்.

2. டயரின் பள்ளத்துக்குள் சிறு றப்பர் மேடுகள் இருக்கும். அவையும் டயரின் மேற்பரப்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர்தான். அந்த டயர் தண்ணீரை ஒதுக்காது, அதன்மேல் வழுக்கும்.

3. பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல்தான் பொல்லாதது. எண்ணெய்க் களஞ்சியம் இருக்கும் ஊர் இது, பவுசர்கள் ஓடாத நாளில்லை. வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் ஈரத்தில் சவர்க்காரமாகும். மோட்டார் சைக்கிள்காரர் கால் மணி நேரம் தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினால் நட்டமில்லை.

4. ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும். அரை அடி போதும், ஆளைச் சாய்க்க. முன்னால் போன பஸ்ஸைப் பார்த்து ஆழத்தைக் கணிக்காதீர்கள். பஸ்ஸின் உயரம் வேறு, உங்கள் வண்டியின் உயரம் வேறு.

5. தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளே கம்பி வளைந்துவிடும், செலவு பல மடங்காகும். தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும்.

6. தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இலேசாகப் பலமுறை அழுத்துங்கள். ஈரம் காயும்.

7. ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிகிறதா? உட்புறத்தில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள்.

8. பிள்ளைகளைக் கலங்கல் தண்ணீரில் நடக்கவிட நேர்ந்தால் பெரியவர் ஒருவர் முன்னால் தடியூன்றிப் போகட்டும். கான் மூடி எங்கே கழன்றிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கறுப்புக் குடையும் கருநீலச் சட்டையும் சாரதிக்கும் தெரியாது. மழை நாளுக்கு மஞ்சள் குடை வாங்குங்கள்.

9. அறுந்து கிடக்கும் மின்கம்பி அருகே போகாதீர்கள். காலில் காயத்தோடு வெள்ளத்தில் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல் கண்டதும், வெள்ளத்தில் நின்றதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

10. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. போனில் மட்டும் வைக்காமல் கதவின் உட்புறத்திலும் எழுதி ஒட்டுங்கள். வெள்ள நாளில் முதலில் சார்ஜ் இறங்குவது போன்தான்.