ஐஸ் மெஷின் வாங்கலாமா? ஒன்பதாம் வகுப்பில் ஒரு வெப்பக் கணக்கு

'உருகுதலின் உள்ளுறை வெப்பம்' என்பதை மாணவர்கள் வரையறையாக மனப்பாடம் செய்வார்கள்; தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதே பாடத்தை ஒரு வீட்டின் பணத்தோடு சேர்த்து வைத்தால் மறப்பதில்லை. புதுச்சேரி நகரத்தில் அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நான், ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடவேளைகளில் செய்த ஒரு செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன்.

கேள்வி வகுப்பிலிருந்தே வந்தது. கடற்கரைச் சாலைக்கு அருகே மாலையில் நன்னாரி சர்பத் விற்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், மேசைமேல் வைக்கிற ஐஸ் மெஷின் வாங்க அம்மா சீட்டு எடுக்கப் போறாங்க. ஒரு நாளைக்கு 12 கிலோ வருமாம். வாங்கலாமா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல என்னிடம் பதில் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன்.

கற்றல் விளைவுகள்

1. தன் வெப்ப ஏற்புத்திறன், உள்ளுறை வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு உண்மையான சூழலில் கணக்கிடுதல்.
2. மின்சார யூனிட்டை ரூபாயாக மாற்றுதல்.
3. விளம்பரத்தில் உள்ள எண்ணைக் கேள்வி கேட்டுப் படித்தல்.

படி 1: 'ஒரு நாளைக்கு' என்றால் என்ன?

இவ்வகைச் சிறு மெஷின்களின் பெட்டியில் பொதுவாக 24 மணி நேரத்துக்கு 12 கிலோ, மின்திறன் 120 வாட் என்ற அளவில் அச்சிட்டிருப்பார்கள். இதைக் கரும்பலகையில் எழுதி, "கடை எத்தனை மணி நேரம்?" என்று மட்டும் கேட்டேன். மாலை 4 முதல் 9 வரை, 5 மணி நேரம்.

12 கிலோவை 24ஆல் வகுத்தால் மணிக்கு அரை கிலோ. கடை நேரத்தில் கிடைப்பது இரண்டரை கிலோ. ஒரு டம்ளருக்கு 100 கிராம் ஐஸ் என்றால் 25 டம்ளருக்குத்தான் வரும். கடையில் வார நாளில் 60 டம்ளர் போகிறது. தேவை 6 கிலோ. ஞாயிற்றுக்கிழமை அதைப்போல இரு மடங்கு.

"காலையிலேயே போட்டுச் சேர்த்து வைக்கலாமே" என்றது ஒரு குழு. நல்ல யோசனைதான். ஆனால் இந்த மெஷின்களில் ஐஸ் விழும் கூடைக்குக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. கூடை நிரம்பினால் மெஷின் நின்றுவிடும். கூடையில் உருகும் நீர் தொட்டிக்குத் திரும்பி மறுபடி ஐஸாகும். 6 கிலோ சேர்க்க வேண்டுமானால் 12 மணி நேரம் ஒருவர் அருகிலிருந்து தண்ணீர் ஊற்றி, ஐஸை அள்ளிப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் வீட்டில் யாரும் இருப்பதில்லை என்றாள் அந்தப் பிள்ளை. பெட்டியில் அச்சிடாத இந்தத் தகவலும் கணக்கில் சேர்ந்தது.

படி 2: ஒரு கிலோ ஐஸின் வெப்பம்

30 டிகிரி செல்சியஸில் உள்ள 1 கிலோ நீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர நீக்க வேண்டிய வெப்பம் 4.2 × 30 = 126 கிலோஜூல். அதை உறையவைக்க மேலும் 334 கிலோஜூல். மொத்தம் 460. குளிர்விப்பதைவிட உறையவைக்கவே அதிக வெப்பத்தை நீக்க வேண்டியிருக்கிறது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டு சொன்னார்கள். உள்ளுறை வெப்பம் பற்றி நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

120 வாட் மெஷின் ஒரு கிலோவுக்கு 2 மணி நேரம் ஓடுகிறது. ஆகவே 0.24 யூனிட், அதாவது 864 கிலோஜூல் மின்னாற்றல். நீரிலிருந்து எடுத்த 460ஐயும் சேர்த்து 1,324 கிலோஜூல் வெப்பத்தை அது அறைக்குள்ளேயே விடுகிறது. காற்றோட்டமில்லாத சிறு சமையலறையில், மே மாத வெயிலில், ஐஸ் விழும் வேகம் ஏன் குறைகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

படி 3: செய்வது ஒன்று, காப்பது வேறு

இங்கே கொஞ்சம் வரலாறு சொன்னேன். 1833இல் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரடெரிக் டூடர், அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். மே மாதம் ஏறக்குறைய 180 டன் ஏற்றப்பட்டது. நான்கு மாதம் கடந்து செப்டம்பரில் சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. உருகியது எத்தனை சதவீதம் என்று கேட்டேன், 44 என்றார்கள். வெப்பமண்டலக் கடல் தாண்டியும் பாதிக்கு மேல் தப்பியது, மரத்தூள் போன்ற வெப்பம் கடத்தாப் பொருள்களால். சென்னைக் கடற்கரையில் 1842இல் அந்த ஐஸைச் சேமிக்கக் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்'தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். பிரெஞ்சுப் பொறியாளர் ஃபெர்டினான் காரே 1859இல் அம்மோனியாவைக் கொண்டு ஐஸ் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திர ஐஸ் பரவியபின் கப்பல் ஐஸ் வணிகம் முடிந்துபோனது.

பிறகு சோதனை. சம எடையுள்ள ஐஸை எவர்சில்வர் தட்டிலும், சாக்குத் துணியில் சுற்றியும், தெர்மோகோல் பெட்டியிலும் வைத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடை போட்டார்கள். திறந்த தட்டு முதலில் தோற்றது. தெர்மோகோல் பெட்டி கடைசிவரை தாக்குப்பிடித்தது. வைத்திக்குப்பத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், மீன் பெட்டியில் ஐஸை ஏன் தூளாக்கி நிரப்புகிறார்கள் என்று கேட்டான். தூளாக்கினால் பரப்பு அதிகம். மீன் சீக்கிரம் குளிரும். ஐஸும் சீக்கிரம் உருகும். அதே சமயம் மீனுக்கான ஐஸ் சர்பத்துக்கு ஆகாது என்பதையும் பேசினோம். உணவில் சேரும் ஐஸ் குடிநீரில்தான் செய்யப்பட வேண்டும். உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மெஷின் ஐஸ் ஏறக்குறைய 0 டிகிரியில் ஈரமாக விழுகிறது. ஃப்ரீசர் ஐஸ் −18 டிகிரியில் இருக்கும், அது 0 டிகிரிக்கு வரவே கிலோவுக்கு 38 கிலோஜூல் (2.1 × 18) வேண்டும். அதனால் பெட்டியில் ஃப்ரீசர் ஐஸ் கூடுதல் நேரம் நிற்கும்.

படி 4: எத்தனை நாளில் முதல் திரும்பும்?

கணக்குக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட விலைகள்: மெஷின் 10,500 ரூபாய், யூனிட் 6 ரூபாய், 20 லிட்டர் கேன் தண்ணீர் 30 ரூபாய், கடையில் வாங்கும் ஐஸ் கிலோ 10 ரூபாய். உங்கள் ஊர் விலையை இட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் ஐஸ் ஒரு கிலோவுக்கு மின்சாரம் 1.44, தண்ணீர் 1.50, ஏறக்குறைய 3 ரூபாய். மிச்சம் கிலோவுக்கு 7 ரூபாய். 10,500ஐ 7ஆல் வகுத்தால் 1,500 கிலோ. நாளுக்கு 6 கிலோ செய்ய முடிந்தால் 250 நாள். இரண்டரை கிலோதான் முடியும் என்றால் 600 நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சர்பத் கடை திறப்பதில்லை. ஆகவே 250 வியாபார நாள் என்பதே ஓர் ஆண்டை நெருங்கிவிடும். உத்தரவாத அட்டையில் எத்தனை மாதம் என்று பார்க்கச் சொன்னேன். பெரும்பாலும் 12.

படி 5: ஒரு டம்ளருக்கு உண்மையில் எவ்வளவு ஐஸ்?

இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்தேன். 200 கிராம் சர்பத்தை (நீர் என்றே கொண்டு) 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிர்விக்க 200 × 4.2 × 25 = 21,000 ஜூல் நீக்க வேண்டும். 1 கிராம் ஐஸ் உருகி 5 டிகிரியாக உயரும்போது 334 + 21 = 355 ஜூல் எடுத்துக்கொள்ளும். தேவை 59 கிராம். 100 கிராம் போட்டால் மீதி டம்ளரின் அடியில் கிடந்து கழுவும் வாளிக்குப் போகிறது.

தண்ணீரை வீட்டு ஃப்ரிட்ஜில் 15 டிகிரிக்குக் குளிரவைத்து எடுத்துச் சென்றால் 24 கிராமே போதும். டம்ளரில் ஐஸ் மிதப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், பெட்டியிலும் கொஞ்சம் உருகும் என்பதால் இரு மடங்காக 50 கிராம் என்று வைத்தோம். 60 டம்ளருக்கு 3 கிலோ. பாதி ஐஸ் மிச்சம். நாளுக்கு 30 ரூபாய். 12 லிட்டர் தண்ணீரை அவ்வளவு குளிரவைக்கும் மின்செலவு ஒன்றிரண்டு ரூபாய்தான். மெஷின் முழுநாள் ஓடி 6 கிலோ செய்தால் மிச்சமாவது 42 ரூபாய். சீட்டுப் பணம் எதுவும் போடாமலே அதில் பெரும் பகுதி கையில் நிற்கிறது.

முடிவு

மூன்று குழுக்களில் இரண்டு, வாங்க வேண்டாம் என்றன. மூன்றாவது குழு ஒரு நியாயமான மாற்றுக் கருத்தைச் சொன்னது: ஃப்ரீசரில் இடமில்லாத வீட்டில், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஐஸ் வேண்டும், வீட்டில் ஆளும் உண்டு என்றால், சில நிமிடங்களில் முதல் கட்டி தரும் இந்த மெஷின் பயன்படும். மெஷின் மோசமில்லை, ஐந்து மணி நேரத்தில் மொத்தமாக ஐஸ் கேட்கும் கடைக்கு அது பொருந்தவில்லை. கணக்குத் தாளை அந்தப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். அவள் அம்மா சீட்டை எடுக்கவில்லை. மூடி இறுகும் நல்ல ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினார்.

ஆசிரியர்களின் கவனத்துக்கு

• ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். 'ஒரு சர்பத் கடை' என்றே பேசுங்கள்.
• விலைகளை மாணவர்களே கேட்டு வரட்டும். வீட்டுக்கும் கடைக்கும் மின்கட்டணம் வேறு என்பதை மின்கட்டண ரசீதில் காட்டுங்கள்.
• எடை பார்க்கச் சமையலறைத் தராசு போதும். சோதனை ஐஸை யாரும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
• மதிப்பீட்டுக்கு: 'ஞாயிற்றுக்கிழமை 120 டம்ளர் விற்றால் முடிவு மாறுமா? காரணத்துடன் எழுதுக.' விடை ஆம், இல்லை இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். காரணத்துக்கே மதிப்பெண் தாருங்கள்.
• இதே முறையில் இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி, மாவு அரைக்கும் கிரைண்டர் எதையும் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பொருளுக்கும் முதல் கேள்வி ஒன்றே: பெட்டியில் உள்ள எண், நமக்குத் தேவைப்படும் நேரத்துக்கு எவ்வளவு?