இராணுவ உபரித் தோட்டாக்களின் தரமும் குறித்துல்லியமும்

ஹைதராபாத் மாநகரின் நடுவே 'கன் ஃபவுண்டரி' என்று வழங்கும் பகுதி ஒன்று உண்டு. நிஜாம் அலி கான் ஆட்சியில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுத் தளபதி ரேமோன் அமைத்த பீரங்கி வார்ப்புப் பட்டறையே அப்பெயருக்குக் காரணம். அந்நாளில் மருந்து வேறு, குண்டு வேறு. வீரன் மருந்தைக் கையால் அளந்து குழலில் இட்டான். அது நமுத்திருந்தால் அவன் கண்ணுக்கே தெரிந்தது. பின்னர் வந்த ரைபிள் தோட்டாவிலோ யாவும் ஒரே பித்தளை உறைக்குள் அடைபட்டுள்ளன. ஐம்பது ஆண்டு பழமையான தோட்டாவும் துடைத்து வைத்தால் புதியது போலவே மின்னும். அதனுள் நேர்ந்த மாறுதலை அறிவது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், படைகளுக்குத் தேவைப்படாது எஞ்சிய தோட்டாக்கள் மேலை நாடுகளில் பெருமளவில் விற்கப்பட்டன. நம் நாட்டில் தோட்டா வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திற்கு உட்பட்டது. ஆயினும் பழைய தோட்டாக்களைப் பேணும் பொறுப்பு காவல்துறைக் கிடங்குகளுக்கு நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. 'த்ரீ நாட் த்ரீ' என மக்கள் அழைக்கும் .303 அங்குல ரைபிளுக்கு உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020-ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்பில்தான் விடை கொடுத்தது. ஆகவே இவ்வகைத் தோட்டாவையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தோட்டாவின் உறுப்புகள்

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள. முதலாவது பித்தளை உறை; இதில் 100-க்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்திருக்கும். இரண்டாவது, உறையின் அடியில் பதிந்துள்ள சிறு கேப்பு; சுத்தியூசி தாக்கியதும் இது தீப்பொறி தரும். மூன்றாவது, குண்டை உந்தும் மருந்து. நான்காவது, முனையில் உள்ள குண்டு. 1910-இல் ஏற்கப்பட்ட .303 ஏழாம் மாதிரித் தோட்டாவில் குண்டின் எடை சுமார் 11.3 கிராம்; குழலைவிட்டுப் புறப்படும் வேகம் வினாடிக்குச் சுமார் 744 மீட்டர்.

உறையின் அடித்தட்டில் தொழிற்சாலைக் குறியும், மாதிரி எண்ணும், பெரும்பாலும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 1869-இல் நிறுவப்பட்ட புணேயின் கிர்க்கி தொழிற்சாலைத் தோட்டாவில் 'கே.எஃப்.' என்ற எழுத்துகளைக் காணலாம். இப்பொறிப்பு தோட்டா பிறந்த ஆண்டை மட்டுமே கூறும். அது வாழ்ந்த வாழ்வைக் கூறாது.

பித்தளையும் மழைக்காலமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியப் படைவீடுகளில் ஒரு விந்தை காணப்பட்டது. மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் குறையும். தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்படும். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல உறைகளில், குறிப்பாகக் குண்டைப் பற்றி நெருக்கியுள்ள கழுத்துப் பகுதியில், வெடிப்புகள் காணப்பட்டன. பருவந்தோறும் தோன்றியமையால் இதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயரிட்டனர்.

இதன் காரணத்தை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் ஆய்வாளர் மூவர் விளக்கினர். உறையைக் காய்ச்சாமல் இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாயு, ஈரக்காற்றுடன் சேர்ந்து, இறுக்கமுற்ற அப்பகுதியைத் தாக்குகிறது. இறுக்கம் மட்டுமோ வாயு மட்டுமோ இருந்தால் இக்கேடு விளையாது. இரண்டும் கூடினால் உலோகம் பிளக்கும். உறையை மிதமாகக் காய்ச்சி உள் இறுக்கத்தைத் தளர்த்துவதே இதற்குக் கண்ட மாற்று. கழுத்து வெடித்த தோட்டா குண்டை ஒரே சீராகப் பற்றாது. ஈரமும் மருந்தை அடையும்.

மருந்தும் வெப்பமும்

.303 தோட்டாவில் நெடுங்காலம் பயன்பட்ட மருந்து கார்டைட். நம் நீலகிரியில் உள்ள அருவங்காட்டுத் தொழிற்சாலை இம்மருந்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் இதன் முதன்மைப் பொருள்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு வாஸ்லைனும் சேர்ப்பர். குழலுக்கு எண்ணெய்ப் பசை தரும் என்றெண்ணி வாஸ்லைனைச் சேர்த்தனர். அதுவோ மருந்து கெடாமல் காக்கும் பணியைச் செய்தது.

இவ்வகை மருந்துகள் வாளா இருக்கும்போதும் மிக மெல்லச் சிதைவன. சிதைவில் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் பிறக்கின்றன. அவை ஈரத்துடன் கூடி அமிலமாகி, மேலும் சிதைவைத் தூண்டுகின்றன. இவ்வாயுக்களைப் பற்றிக்கொள்ளவே டைஃபீனைலமைன் போன்ற காப்புப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. காப்புப் பொருள் தீர்ந்தால் மருந்துக்குக் காவல் இல்லை. பிரெஞ்சுப் போர்க்கப்பல்களான ஈயேனா 1907-இலும், லிபர்ட்டே 1911-இலும் துறைமுகத்திலேயே வெடித்துச் சிதறி, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கெட்டுப்போன மருந்தே காரணம் எனக் கருதப்பட்டது.

பொதுவாக வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இரசாயன மாற்றத்தின் விரைவு ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே 20 டிகிரியில் நான்கு ஆண்டுகள் இருந்த மருந்தும், 40 டிகிரியில் ஓராண்டு இருந்த மருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு முதுமை அடைந்திருக்கும். ஹைதராபாத்தில் மே மாதப் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. தகரக் கூரையின்கீழ் அது இன்னும் மிகும். ஒரே ஆண்டுப் பொறிப்புள்ள இரு தோட்டாக்களில் ஒன்று இளமையாகவும் மற்றொன்று முதுமையாகவும் இருக்கக் காரணம் இதுவே.

வேக மாறுபாடும் குறியும்

மருந்து ஒரே சீராக எரியாவிடில் குண்டுகளின் வேகம் வேறுபடும். வேகம் குன்றிய குண்டு இலக்கை அடைய அதிக நேரம் எடுக்கும். அந்நேரத்தில் புவியீர்ப்பு அதை மேலும் தாழ்த்தும். ஒரு குண்டு 744 மீட்டர் வேகத்திலும் மற்றொன்று 714 மீட்டர் வேகத்திலும் புறப்படுவதாகக் கொள்வோம். காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 100 மீட்டர் தொலைவில் இரண்டிற்கும் உள்ள இறக்க வேறுபாடு 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. 300 மீட்டரில் அது சுமார் 7 சென்டிமீட்டர். 600 மீட்டரில் சுமார் 27 சென்டிமீட்டர். தொலைவு இரு மடங்கானால் பிழை நான்கு மடங்காகிறது. காற்றின் தடையையும் சேர்த்தால் பிழை இன்னும் கூடும். ஆகவே குறுகிய தூரத்தில் சுட்டுப் பார்த்து "தோட்டா நல்லது" என்று முடிவு கூறுதல் தவறு.

தொகுதிச் சோதனை

ஒரே நாளில், ஒரே மருந்து கொண்டு செய்தவற்றை ஒரு தொகுதியாக எண்ணிட்டு வைப்பர். சோதனை செய்வது தோட்டாவையன்று, தொகுதியையே. பல தொகுதிகள் கலந்துவிட்ட பெட்டியில் சோதனைக்குப் பொருளே இல்லை. ஒரு தொகுதியில் 100-க்கு 5 பழுது என்போம். பத்துத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தால், பழுது ஒன்றுமே வெளிப்படாமல் போகும் வாய்ப்பு 100-க்கு 60. இதனால்தான் சிலவற்றைச் சுட்டு நிறைவடையாமல், ஆய்வுக்கூடத்தில் மருந்தின் காப்புப் பொருள் எஞ்சியுள்ள அளவையும் சோதிக்கின்றனர்.

களப் பணியாளர் கருத்தில் கொள்ளத்தக்கவை

1. தொகுதி எண்ணையும், கிடங்கின் வெப்ப ஈரப் பதிவையும் விடாது எழுதி வருக. தோட்டாவின் உண்மையான வயதைக் கூறும் ஏடு அதுவே.

2. கிடங்கில் அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மங்களையும், உர மூட்டைகளையும் வைத்தல் ஆகாது.

3. சுடும்போது வழக்கத்தினும் மெலிந்த ஒலி கேட்டால் உடனே நிறுத்துக. குண்டு குழலிலேயே தங்கியிருக்கக்கூடும். அடுத்த தோட்டா குழலைப் பிளந்துவிடும்.

4. விசையை இழுத்தும் வெடிக்காவிடில் குழல்வாயை இலக்கு நோக்கியே வைத்து, குறைந்தது 30 வினாடி பொறுத்து, பயிற்சி அலுவலரின் ஆணைப்படி நடக்க. பழைய கேப்பு தாமதித்து வெடிப்பதுண்டு.

5. பழைய கேப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரேட்டு உள்ளது. அது எரிந்து குழலில் ஓர் உப்பைப் படியவிடும்; உப்பு ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எண்ணெயில் உப்பு கரையாது. முதலில் வெந்நீரால் கழுவி, உலர்த்தி, பின்னரே எண்ணெய் இடுக.

6. வயலிலோ பழைய வீட்டிலோ தோட்டா அகப்பட்டால் அதைத் தொடாது, பிறரையும் விலக்கி, காவல் நிலையத்திற்கு அறிவிக்குமாறு மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும். பளபளப்பு பாதுகாப்பின் அடையாளமன்று.

தோட்டாவைச் செய்தவன் தன் கடமையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிடுகிறான். அதன்பின் அதன் தரம் காப்பாளரின் கையில் உள்ளது. அவர் எழுதாது விட்ட ஒரு வரிக்கு, என்றோ ஒருநாள், அவரை அறியாத ஒரு காவலர் விலை கொடுக்க நேரிடலாம்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கூறிய இரு குண்டுகளின் இறக்க வேறுபாடு 450 மீட்டரில் எவ்வளவு? (விடை: சுமார் 15 சென்டிமீட்டர்.)

2. பத்துக்குப் பதில் இருபது தோட்டாக்களைச் சுட்டால் பழுது வெளிப்படாது போகும் வாய்ப்பு யாது? (விடை: 100-க்குச் சுமார் 36.)

3. பருவ வெடிப்புக்குத் தேவையான இரு காரணங்கள் யாவை? அவற்றுள் எதைத் தொழிற்சாலையிலும் எதைக் கிடங்கிலும் நீக்கலாம்?