ஆஸ்துமா முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு ஸ்டீராய்டு: கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை

மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு "ஸ்டீராய்டு கொடுக்கப்போறோம்" என்று டாக்டர் சொன்னதும் கூட வந்தவர்கள் பதறிப்போகிறார்கள். உடம்பு ஊதிவிடும், எலும்பு தேய்ந்துவிடும் என்று கேள்விப்பட்டதெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வரும். மாதக்கணக்கில் தினமும் விழுங்குபவர்களுக்கு உள்ள ஆபத்தை ஐந்து நாள் மருந்தின்மேல் ஏற்றிப் பார்த்துத் தயங்குவது சரியல்ல. கடும் தாக்குதலில் உயிரைக் காப்பாற்றும் மருந்துகளில் இது ஒன்று. இது புதிதும் அல்ல. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1956லேயே கடும் ஆஸ்துமாவுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்துப் பார்த்து முடிவை வெளியிட்டது.

மருத்துவமனைக்குப் போனதும் தாக்குதலின் கடுமையைச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் "தண்ணி... கொஞ்சம்... குடு" என்று சொல் சொல்லாகப் பேசுகிறாரா, கட்டில் கம்பியைப் பிடித்து முன்னால் குனிந்தே இருக்கிறாரா என்பதை நீங்கள்தான் முதலில் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல், நாடி 120க்கு மேல், ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழ் என்றால் அது கடுமையான தாக்குதல். இரைப்புச் சத்தம் திடீரென்று அடங்கி ஆள் சோர்ந்து சாய்ந்தால் குணமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு உள்ளே போய்விட வேண்டும். நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடத்திலேயே ஆறுதல் தெரியும். ஆனால் குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி அடைத்திருக்கிறதே, அதை அது தீர்க்காது. வீக்கத்தை வற்றவைப்பது ஸ்டீராய்டுதான். அதற்கு நான்கு மணி நேரமாவது ஆகும். அதனால்தான் முந்திக் கொடுக்கிறார்கள். நெபுலைசர் வைத்துச் சற்று லேசானதும் "வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா?" என்று அவசரப்படாதீர்கள்.

சர்க்கரை, வயிற்றுப்புண், முன்பு வந்த காசநோய், கர்ப்பம், வீட்டிலேயே விழுங்கிவிட்ட மாத்திரை, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கும் இந்த மருந்தைக் கொடுப்பார்கள். தாய்க்கு ஆக்சிஜன் குறைவதுதான் வயிற்றுப் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து.

அடுத்தது ஊசியா, மாத்திரையா என்ற கேள்வி. ஊசி போட்டால்தான் கேட்கும் என்று நம் ஊரில் ஆழமான நம்பிக்கை. விழுங்க முடிந்தவருக்கு மாத்திரை ஊசிக்குச் சமமாகவே வேலை செய்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 முதல் 50 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை. குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், அதிகபட்சம் 40. வாந்தி எடுப்பவர், விழுங்கக்கூட மூச்சு இல்லாதவர், வென்டிலேட்டரில் இருப்பவர் ஆகியோருக்கு ஹைட்ரோகார்ட்டிசோனை நரம்பில் ஏற்றுவார்கள். மாத்திரை மட்டும் கொடுத்தார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். குழந்தை மருந்தைக் கக்கிவிட்டால் மட்டும், குடித்து எத்தனை நிமிடத்தில் கக்கியது என்று உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். மறுபடி கொடுக்க வேண்டியிருக்கலாம்.

வார்டில் இருக்கும் நாட்களில் பசி கூடும், தூக்கம் கெடும், சிலர் எரிந்து விழுவார்கள். மருந்து நின்றதும் இவை போய்விடும். சர்க்கரை உள்ளவரை மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காலையில் ப்ரெட்னிசோலோன் விழுங்கினால் வெறும் வயிற்றில் பார்த்த அளவு நன்றாகவே இருக்கும்; பிற்பகலிலும் மாலையிலும்தான் ஏறும். காலை அளவை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் "சாயந்திரமும் ஒரு தடவை பாருங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலையிலேயே கொடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரை இன்னும் எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். பெரியவர்களுக்கு மொத்தம் 5 முதல் 7 நாள், குழந்தைகளுக்கு 3 முதல் 5 நாள். மூச்சு சரியாகிவிட்டது என்று எழுதிக்கொடுத்த நாளுக்கு முன்பே நிறுத்துவது தவறு. இரண்டு வாரத்துக்குள் முடியும் மருந்தைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஏற்கெனவே நீண்டகாலமாக ஸ்டீராய்டு எடுப்பவர் மட்டும் டாக்டர் சொல்வதுபோல் குறைக்க வேண்டும்.

பலர் தவறவிடுவது இன்ஹேலரை. மாத்திரை முடிந்த பிறகும் வீக்கம் திரும்பாமல் காப்பது தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். அது சீட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நர்ஸ் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள்; குழந்தையென்றால் ஓரிரு நாளிலேயே.

ஒவ்வொரு முறை ஸ்டீராய்டு மாத்திரை எடுத்ததையும் தேதியோடு ஃபைலில் குறித்துவையுங்கள். வாழ்நாளில் நான்கைந்து தடவை சேர்ந்தாலே எலும்புத் தேய்வு, சர்க்கரை, கண்புரை போன்றவற்றின் வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. ஒரே வருடத்தில் இரண்டாவது முறை தேவைப்பட்டால் அந்த ஃபைலோடு நெஞ்சக நோய் நிபுணரிடம் போங்கள். மிஞ்சிய மாத்திரையை அடுத்த இரைப்புக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள்.